அழுகைக் காட்சியில் ஊதிய சங்கு

என் வலது கையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அது போய் எதிராளியின் கன்னத்தில் உட்கார்ந்திருக்கும் என்பார்கள். பொய்யில்லை. இருபத்தேழு வயதுக்குள் நான் அடித்தவர்களும் என்னை அடித்தவர்களுமாக ஒரு பஸ்ஸை நிரப்பலாம். அதில் பாதிச் சண்டை பழைய நெருப்பு மணிகளுக்காக நடந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தேன். சுவரில் மாட்டும் சிவப்புத் தீயணைப்புக் குடுவைகளை விற்பதும், விற்றவற்றுக்கு வருஷத்துக்கு ஒரு முறை மருந்து மாற்றுவதும் வேலை. எனக்குச் சொந்த ஊர் கேரள எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம். மலையாளம் சுமாராக வரும். அதனால் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியும் இடுக்கி மலையும் என் தலையில் விழுந்தன. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை, தேயிலை ஃபேக்டரி, ஏலக்காய் ஏலம் போடும் கட்டடம் என்று ஒரு பையில் ஸ்பேனரும் இன்னொரு பையில் சோடா மாவுமாக அலைந்தேன்.

ஆனால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் குடுவையைத் தேடாது. மாடிப்படி ஏறும் இடத்தில், தோள் உயரத்தில், சுவரைத் தேடும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமாக இருந்தால் நெருப்பு எச்சரிக்கைப் பெட்டியை அங்கேதான் பதித்திருப்பான். வார்ப்பிரும்புப் பெட்டி, முன்னால் வட்டக் கண்ணாடி, பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் விரல் நீளச் சுத்தி. கண்ணாடியை உடைத்தால் உள்ளே அமுங்கியிருக்கும் பொத்தான் தானாக வெளியே வந்து மணி அடிக்கும். பெரும்பாலும் சுத்தியும் கண்ணாடியும் போயிருக்கும். பத்துப் பூச்சு சுண்ணாம்பு ஏறிப் பெட்டி சுவரில் ஒரு கட்டியாகத்தான் தெரியும். நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு தெரிந்துவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் சூடாகும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிச் சூடாகவில்லை.

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் பித்தளை நெருப்பு மணி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடிகாரம்போல் சாவி கொடுத்து முறுக்கி வைக்கும் மணி. அதுவரை கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. அந்த வாரம் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களில் இரண்டு தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்த நேரம் என்பது எனக்குத் தெரியாது. மணி அடித்தால் லயமே இறங்கி வரும்.

“ஏலே, யார்லே அது? மணியில கைய வச்சே, கை இருக்காது பாத்துக்க!” என்று வாட்ச்மேன் கத்தினான். கத்தி முடிப்பதற்குள் அவன் தடி என் மணிக்கட்டில் விழுந்தது. நான் அவனைத் தேயிலைப் பெட்டி அடுக்கின்மேல் தள்ளினேன். அடுக்கு சரிந்தது. நாலு பேர் சேர்ந்து என்னை மிதித்து, பையோடு ரோட்டில் எறிந்தார்கள். வாயில் ரத்தம். ஆனாலும் மணியின் அடியில் சாவித் துளை இருந்ததைப் பார்த்துவிட்டோமே என்று பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

வண்டன்மேட்டில் நடந்தது இன்னும் கேவலம். ஏலக்காய் வியாபாரிகள் கூடும் பழைய கட்டடம் ஒன்றில், எச்சரிக்கைப் பெட்டியின் மூடியிலேயே ஆணி அடித்து முருகன் காலண்டர் மாட்டியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலண்டரைப் பிடுங்கினேன், அது கிழிந்தது. சாமி படத்தைக் கிழித்தவன் என்று கூட்டமே திரும்பியது. கையெல்லாம் ஏலக்காய் வாசனை அடிக்கிற ஆட்கள் அடித்த அடியில் என் கடைவாய்ப்பல் ஒன்று போனது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அன்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதெல்லாம் மூடியில் என்ன எழுத்து வார்த்திருந்தது என்பது மட்டும்தான்.

இனி அந்தச் சினிமாக் கொட்டகை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம், எல்லைக்குக் கேரளப் பக்கம். பெயர் வேண்டாம். தகரக் கூரை, செங்கல் சுவர், எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெங்கும் சணல் சாக்கு. நெருப்பு அணைக்க என்று நான் சிவப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்த மணல் வாளிகளில் வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டும். மருந்து மாற்றப் போனபோது, ஆபரேட்டர் அறைக்கு ஏறும் படியின் அடியில், காலி சோடா பாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கால் தெரிந்தது.

கேட் கீப்பரைக் கூப்பிட்டேன். எல்லோரும் அவரைப் பாய் என்போம். நாற்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், அதன் பைக்குள் கொட்டகையின் எல்லாச் சாவியும். இரண்டு பேருமாகப் பெட்டிகளைத் தள்ளி, அதை வெளியே இழுத்தோம்.

கையால் சுற்றி ஊதும் சங்கு. யுத்த காலத்தில் விமானம் வருகிறது என்று ஊரை எச்சரிக்க வைத்த சாமான், யுத்தம் முடிந்ததும் நெருப்புக்கென்று இங்கே வந்திருக்கிறது. மூன்று இரும்புக் கால், நடுவில் பூசணிக்காய் அளவு உருளை, உருளையைச் சுற்றிக் காற்று போகும் ஜன்னல்கள், பக்கத்தில் முழ நீளக் கைப்பிடி. அந்த மாதிரி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. உள்ளே குளவி கூடு கட்டி, எல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது.

“இதெல்லாம் இனி எங்கீங்க தம்பி சுத்தப் போவுது?” என்றார் பாய்.

“சுத்த வெக்கறேன் பாருங்க பாய்.”

மூன்று நாள் லீவு போட்டேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, குளவிக் கூட்டைக் கம்பியால் நோண்டி, பல்சக்கரத்தை எடுத்துத் தேய்த்து, கிரீஸ் போட்டேன். பாய் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியையும் வரிசை தப்பாமல் ஒரு தட்டில் அடுக்கினார். நாலாம் நாள் காலை கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். முதல் சுற்றில் மூச்சு விட்டது. பத்தாவது சுற்றில் முனகியது. அப்புறம் எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு ஊளை! கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் களைக்கொத்தோடு ஓடி வந்தார்கள். கையை எடுத்த பிறகும் உருளை தானாகச் சுழன்று, சத்தம் மெல்ல இறங்கி அடங்கியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

மேனேஜர் அதைக் கேட்டதும் வேறு கணக்குப் போட்டார். புதுப்படம் வந்தால் கதாநாயகன் திரையில் முதலில் தோன்றும்போது ரசிகர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது தெரிந்ததுதான். திரைக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள், தட்டில் கற்பூரம் கொளுத்திக் காட்டுவார்கள், சாக்குச் சாக்காகக் கலர்க் காகிதம் கிழித்துத் தூவுவார்கள். கூடவே இந்தச் சங்கையும் ஊதினால் எப்படி இருக்கும் என்றார். நெருப்புச் சங்கை விளையாட்டுக்கு ஊதுவதா என்று அவர் சட்டையைப் பிடித்தேன். பித்தான் இரண்டு தெறித்தது. பாய்தான் விலக்கிவிட்டார்.

அப்படிப் பிடித்தவன் கடைசிவரை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்தச் சங்கை நாலு பேர் முன்னால் ஊதிக் கேட்க எனக்கும் ஆசை. நெருப்பு எப்போது வருமோ, வராமலே போகுமோ, அதற்குள் அது மறுபடி துருப்பிடித்துவிடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு விதி மட்டும் போட்டேன். கதாநாயகனுக்குச் சின்னதாக ஒரே ஒரு ஊத்து. நெருப்புக்கு நிறுத்தாமல் ஊத வேண்டும். பாயிடம் தனியாகவும் சொன்னேன்.

“பாய், தீயைக் கண்ணுல பாத்தா மொதல்ல சங்கு. தண்ணி, மண்ணு, கதவு எல்லாம் அப்பறம். சங்கு கேட்டாத்தான் சனம் எந்திரிக்கும்.”

“செரிங்க தம்பி. மொதல்ல சங்கு” என்றார்.

முதல் நாள் நானே ஊதினேன். உள்ளே கூரை பறந்துபோகிற மாதிரி விசில். பெஞ்சுகள் உடைந்தன. ஒருவன் கற்பூரத்தைக் கையிலேயே கொளுத்திக்கொண்டு ஆடினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரத்தில் என் விதி காற்றில் போனது. ரசிகர்கள் படியடிக்கு வந்து, யார் கை முந்துகிறதோ அவன் சுற்றினான். கை வலிக்கும்வரை சுற்றினான். இன்னொரு நடிகரின் ரசிகர்கள், எங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் ஊதவில்லை என்று சோடா பாட்டிலால் ஒருவன் மண்டையைப் பிளந்தார்கள். படியில் வழிந்த ரத்தத்தைப் பாய் வாளி மணலைக் கொட்டி மூடினார். அந்த வாளிமணல் அந்தக் கொட்டகையில் உபயோகப்பட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு இரண்டு நடிகருக்கும் ஊத வேண்டும் என்று மேனேஜர் பஞ்சாயத்து செய்து வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான். ஆனால் ஓணான் கடித்தது வேறு ஆளை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி. இரண்டாமவருடைய படம். சங்குக்குக் கிரீஸ் வைக்கப் போனேன். கேட்டில் பாய் வழக்கத்தைவிடச் சந்தோஷமாக இருந்தார்.

“உள்ள போயி உக்காருங்க தம்பி. இன்னைக்கு என்ற ஊட்டுக்காரியும் தங்கச்சியும் வந்திருக்காங்க. தங்கச்சி வண்டமேட்டுலருந்து நேத்துத்தான் வந்துச்சு. அங்க ஒரு படம் பாக்கோணும்னா மலையெறங்கோணுமாம். மூணு வருசமாச்சாம் படம் பாத்து.”

பெண்கள் உட்காரும் இடம் திரைக்குப் பக்கத்தில் இடது புறம். ஆண்கள் எட்டிப் பார்க்காமலிருக்க நடுவில் ஆள் உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். பெண்களுக்குச் சந்துப் பக்கம் தனிக் கதவு. படம் ஆரம்பித்ததும் அதை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். இல்லாவிட்டால் வெட்டிப் பயல்கள் சும்மா நுழைந்துவிடுவார்கள். பூட்டின் சாவி பாயின் பெல்ட்டில்.

கதாநாயகன் வந்தான். சங்கு ஊதினார்கள், கற்பூரம் காட்டினார்கள், காகிதம் பறந்தது. ஆரவாரம் அடங்கியதும் கற்பூரத் தட்டை எவனோ திரைக்கு அடியில் தள்ளிவிட்டான். திரைக்குப் பின்னால்தான் மிச்சக் காகிதச் சாக்குகள் கிடந்தன. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாக்கு உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்க வேண்டும்.

இடைவேளைக்கு அப்புறம் படத்தில் அம்மா சாகிற காட்சி. கதாநாயகன் அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறான். கொட்டகையே மூக்கைச் சிந்துகிறது. அந்த நேரம் பார்த்து வெளியே சங்கு ஊதத் தொடங்கியது.

முதலில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் விசிலடித்தார்கள். பிறகு “எவன்டா அவன், அழுவற சீன்ல ஊதறவன்!” என்று ஒரு குரல். “அவனுங்க ஆளுங்கதான்டா, நம்மாளைக் கேலி பண்றானுங்க” என்று இன்னொரு குரல். சங்கு நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. பெண்கள் பக்கத்திலிருந்து கூக்குரல் வந்தது. படத்துக்கு அழுகிறார்கள் என்று நினைத்தோம். அம்மா செத்தால் பெண்கள் அப்படித்தான் அழுவார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நான் எந்த நடிகருக்கும் ரசிகன் இல்லை. எனக்குக் கோபம் சங்குக்காக வந்தது. உயிரைக் கொடுத்து எழுப்பி வைத்த சாமானை இப்படிக் கண்ட நேரத்தில் ஊதி அசிங்கப்படுத்துகிறானே என்று. நிறுத்தாமல் ஊதினால் நெருப்பு என்று விதி போட்டவன் நான். அந்த விதி என் மூளையின் எந்த மூலையிலும் இல்லை. இருபது பேர் எழுந்து ஓடினோம். எல்லோருக்கும் முன்னால் நான்.

சுற்றிக்கொண்டிருந்தது பாய். தொப்பி கீழே விழுந்து, சட்டை வியர்த்து, வாயை அகலத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். சங்குச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவன் சத்தத்தைக்கூட விழுங்கிவிடும் சங்கு அது. அதைத்தான் நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீயுமா பாய்!” என்று அந்தத் திறந்த வாயில் குத்தினேன். தாடை ஒரு பக்கமாகப் போனது கைக்குத் தெரிந்தது. அவர் விழுந்தார். கைப்பிடியிலிருந்து கை எடுபட்டதும் சங்கு மெல்ல இறங்கத் தொடங்கியது. அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் வயிற்றில் உதைத்தான். ஒருவன் உடைந்த பெஞ்சுக் காலால் முதுகில் அடித்தான். பாய் எதையும் தடுக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பு பெல்ட்டைத்தான் பிடித்தார். வாய் நிறைய ரத்தம். “ஆ… ஆ…” என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. வலது கை பெல்ட்டுப் பைக்குள் போனது.

“கத்தி எடுக்கறான்டா!” என்று யாரோ கத்தினார்கள்.

அந்தக் கையைச் செருப்புக் காலால் மிதித்தது நான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சங்கு அப்போது முழுதாக அடங்கிவிட்டிருந்தது, அதனால் கேட்டது. இனி எவனும் ஊதக் கூடாது என்று கைப்பிடியைக் கழற்றி என் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் மறுபடி உள்ளே போனார்கள். வேலை முடிந்தது என்ற மாதிரி நானும் போனேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரையில் அம்மாவின் முகத்துக்கு நடுவில் ஒரு பழுப்பு வட்டம் விழுந்தது. வட்டம் கறுத்து ஓட்டையானது. ஓட்டைக்குள் நெருப்பு.

அப்புறம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல முடியாது. ஆண்கள் பக்கத்து இரண்டு கதவும் திறந்துதான் இருந்தன. ஒருவனை ஒருவன் ஏறி மிதித்து வெளியே போனோம். என் முதுகில் யாரோ கால் வைத்து ஏறினான், நான் யாருடைய தலையிலோ கை ஊன்றினேன். சுவர்ச் சாக்கு பற்றிக்கொண்டு ஓடியது. வெளியே வந்தால் படியடியில் பாய் கிடந்தார். எழ முடியாமல், முறிந்த விரல்களால் சாவியைப் பிடித்து மண்ணில் உந்தி உந்திச் சந்துப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தார். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கத்தி இல்லை, சாவி. திரைப் பக்கம் தீயைப் பார்த்தவர், தன் பெண்டாட்டியும் தங்கச்சியும் உள்ளே இருக்க, கதவுக்குப் போகாமல் முதலில் சங்கைச் சுற்றியிருக்கிறார். நான் சொன்னபடி செய்திருக்கிறார்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் அது துளைக்குள் போகவில்லை. எறிந்துவிட்டு, இன்னொரு கையிலிருந்த சங்குக் கைப்பிடியால் பூட்டை அடித்தேன். உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டும் சத்தம். அடித்தேன், அடித்தேன். கொண்டி பெயர்ந்து கதவு வெளியே விழுந்தபோது, பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். சிலர் சேலை எரிய எரிய ஓடினார்கள். பாயின் பெண்டாட்டியின் உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. தங்கச்சி எழவில்லை. அவள் மேல் நெருப்புப் படவே இல்லை. கூட்டத்தின் அடியில் புகையில் போயிருந்தாள்.

அடுத்த வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எரிந்த கொட்டகையின் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, சங்கு வேலை செய்யுமா என்று மலையாளத்தில் கேட்டார். கைப்பிடியை மாட்டி ஊதிக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு, போதும் என்று “மதி, மதி” என்றார். கருவி நல்ல நிலையில் இருந்தது என்று எழுதினார். நான்தான் பூட்டை உடைத்துப் பெண்களைக் காப்பாற்றினேன் என்று நாலு பேர் சாட்சி சொன்னார்கள். அதையும் எழுதினார்.

“அப்போ சங்கு ஏன் பாதியில் நின்றது? கேட் கீப்பரை அடித்தது யார்?” என்று என்னிடம் கேட்டார்.

அன்று முதுகில் ஏறி மிதித்தவர்கள், பெஞ்சுக் காலால் அடித்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து ஒரு சொல்தான் வந்தது.

“கூட்டங்க.”

அதை எழுதி, கீழே கையெழுத்துக் கேட்டார். போட்டேன். வாழ்க்கை முழுக்க வாய்க்கு முன்னால் போன கை, அன்று வாய் சொன்ன பொய்க்குப் பின்னால் ஒழுங்காகப் போய்க் கையெழுத்துப் போட்டது. என்னை எவனாவது கொன்றுபோட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று வீடு வரும்வரை நினைத்தேன். ஆனால் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பாயை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலது கை விரல்கள் கட்டுக்குள் மடங்கிக் கிடந்தன. என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பேச முடியாது. எழுதிக் காட்டவும் கை இல்லை.

“வாங்க தம்பி, வாங்க” என்று எழுந்தது அவர் பெண்டாட்டி. இரண்டு கையிலும் கட்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “நீங்க பூட்டை ஒடைக்காட்டி நானும் போயிருப்பனுங்க. இந்த மனுசன் தனியா நின்னிருப்பாரு.”

நான் பேசத் தொடங்கினேன். அதற்குள் அவர் பெண்டாட்டியே பேசினார்.

“என்ற நாத்தனாரைக் கொன்னது நான்தானுங்க தம்பி. யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். பொகை வந்ததும் அவ தட்டி மேல ஒரு கால வெச்சு ஏறிட்டா. அந்தப் பக்கம் குதிச்சிருந்தாப் பொழச்சிருப்பா. நான்தான் சேலையப் புடிச்சு எறக்குனேன். ஆம்பளைக கூட்டத்துல போயி உழுவாதடி, சாவி உங்கண்ணன்கிட்டத்தான் இருக்குது, இப்பத் தொறப்பாருன்னேன். மத்த பொம்பளைங்களையும் நான்தான் கதவுகிட்ட நிறுத்தி வெச்சேன்.”

கட்டிலில் பாய் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கட்டுத் துணிக்குள் இறங்கியது.

“சங்கு ஊதிட்டே இருந்துச்சுங்க. அது அவருதான்னு எனக்குத் தெரியும். அப்பறம் நின்னுச்சு. நின்னதுந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. சங்கை உட்டுட்டாரு, தொறக்க வாராருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

என் கையிலிருந்த டம்ளர் ஆடி, டீ வேட்டியில் கொட்டியது.

“சூடா இருக்குதுங்களா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.